விட்டத்தின் மீது எழுந்த சந்தேகம்

பழைய வீடு வாங்கப் போகிறவனுக்குக் கடைசி நேரத்தில் ஒரு சந்தேகம் வரும். தும்மல் வருவதைப் போல அது இயற்கை. தும்மலுக்கு இன்னும் யாரும் அலுவலகம் திறக்கவில்லை. சந்தேகத்துக்குத் திறந்துவிட்டார்கள்.

வாங்கி முடித்தபின் "எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு" என்று வழக்குப் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்களாம். அதனால் 'பழைய கட்டட ஐயம் நீக்கும் அலுவலகம்' என்று ஒன்றை ஏற்படுத்தி, அங்கே போய் 'ஐயமின்மைச் சான்று' வாங்கினால்தான் பத்திரத்தில் கையெழுத்து என்று சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம்தான். அது வந்த நாளிலிருந்து ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. வந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் திறந்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெட்டது, வீட்டையும் சேர்த்துக் கெடுக்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவர். வருகிறவர் மூக்கில் ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இப்ப இது?" என்று கேட்பது தொழில். கேட்டுக் கேட்டு, எதைப் பார்த்தாலும் இன்னொரு வில்லை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும் நோய் அவருக்கு வந்துவிட்டது. இப்படியே இரண்டு வீடுகள் கைநழுவின. ஒன்றில் சமையலறையில் ஈர வாடை அடிப்பது போலிருந்தது. இன்னொன்றில் ஈர வாடையே அடிக்கவில்லை. எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது.

அவர் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் என்று நம்புகிறவள். மூன்றாவது வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "இதுதாங்க நம்ம வீடு. இதுலயும் உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சுன்னா, அந்தச் சந்தேகத்தோட நீங்க தனியாக் குடித்தனம் பண்ணிக்குங்க."

வீடு சொல்லும்படியாக இல்லை. சுவர்க் காரை கையோடு வந்தது. குளியலறைக் குழாய் தண்ணீர் விடுவதற்கு முன் நெடுநேரம் இருமியது. சமையலறை ஜன்னல் ஒன்று சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. ஆனாலும் நாலு பக்கமும் வெளிச்சம். இப்போதிருக்கும் வாடகை வீட்டின் ஒரே ஜன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதையும் இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஏழு வயது மகள் கிழக்கறைதான் தனக்கு என்று அறிவித்து, எந்த மூலையில் எந்த பொம்மை என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

அந்தக் கிழக்கறையில்தான் விட்டம் ஓடியது. சுவருக்குச் சுவர் ஒரே மரம். கூரைச் சட்டங்கள் எல்லாம் அதன்மேல்தான் படுத்திருந்தன.

கையெழுத்துப் போட வேண்டிய அன்று காலை மூவரும் வீட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனார்கள். கண்ணாடிக்கடைக்காரர் சட்டைப் பையில் இருந்த சின்ன டார்ச்சை எடுத்து, கண்ணுக்குள் அடிப்பது போல விட்டத்தின்மேல் அடித்துப் பார்த்தார். விட்டம் கண் சிமிட்டவில்லை. ஆனால் தரையில், அதற்கு நேர் கீழே, மாவு சலித்த மாதிரி கொஞ்சம் மரத்தூள். மகள் கட்டில் போடுவதற்குக் காட்டிய இடம் அது.

"என்ன பார்க்கறீங்க?" என்றாள் மனைவி, திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டே.

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லன்னா வாயை மூடிக்கிட்டுப் போய்ச் சான்றை வாங்கிட்டு ஃபோன் பண்ணுங்க. நான் வந்து கையெழுத்துப் போடறேன்."

அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. தரகர் கூடவே வந்தார். சாயங்காலத்துக்குள் முடிய வேண்டிய அவசரம் அவருக்கு. வீட்டை விற்கும் பெரியவர் அன்று மாலையே மகன் ஊருக்குப் புறப்படுகிறார். அலுவலகம் ஐந்து மணிக்குச் சாத்திவிடும். அதற்குள் கையெழுத்து ஆகாவிட்டால் சாவி ஃப்ரிட்ஜ் கடை முதலாளிக்குப் போகும். அவர் அந்த வீட்டைக் கிடங்காக்கப் போகிறார்.

"சார், உள்ள ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. சந்தேகம் இருக்கான்னு. இல்லைன்னு சொல்லுங்க. கல்யாணத்துல சம்மதமான்னு கேட்டா யாராச்சும் யோசிப்பாங்களா?"

"யோசிச்சிருக்கேன்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

தரகர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

முகப்பில் ஓர் அம்மாள் தலையைத் தூக்காமல் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தார். பதில் வருவதற்கு முன்பே முத்திரை காகிதத்தை நோக்கிக் கீழே இறங்குவது அங்கே பழக்கம்.

"வீட்டுமேல சந்தேகம் ஏதாவது இருக்கா?"

கண்ணாடிக்கடைக்காரர் இறங்கி வரும் முத்திரையைப் பார்த்தார். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் நாள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்டு உண்மையான பதிலுக்குக் காத்திருக்கும் மனிதர் அவர். தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. மாவு சலித்த தரையும் மகளின் கட்டிலும் கண்முன் வந்தன.

"விட்டத்துல... ஒரு சின்ன சந்தேகம்."

முத்திரை பாதி வழியில் நின்றது. அம்மாள் தலையைத் தூக்கினார். தரகர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?"

"சின்னதுதாங்க. பரவால்ல, விட்டுடுங்க."

"விடறதா!" அம்மாள் எழுந்துவிட்டார். "ஐயா! ஐயா! சந்தேகம் வந்திருக்கு!"

அலுவலகம் முழுக்க நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். ஒருவர் ஓடிப்போய் சுவரில் தொங்கிய மணியைப் பிடித்தார். அதற்குள் நாக்கு இல்லை. காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டால் அதை அடித்தார். நாலைந்து பேர் வந்து கண்ணாடிக்கடைக்காரரைச் சுற்றி நின்று, முதல் பல் முளைத்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

உள்ளறையிலிருந்து தலைமை ஐயம் நீக்குநர் வந்தார். வரும்போதே கண் கலங்கியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க. நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது. இந்த அலுவலகம் திறந்ததுலேருந்து சந்தேகத்தோட வந்த முதல் ஆள் நீங்கதான். சந்தேகத்தை நீக்க எட்டு பேர் இருக்கோம். நீக்கறதுக்கு ஒரு சந்தேகம் கிடையாது. 'அப்ப நீங்க என்னதான் வேலை பார்க்கறீங்க'ன்னு மேலிடத்துல கேக்கறாங்க. எங்களுக்கே நாங்க எதுக்குன்னு ஒரு சந்தேகம் வந்துடுச்சு. அதை நீக்க விதியில எடமில்ல."

"எனக்குச் சாயங்காலத்துக்குள்ள சான்று கெடைச்சாப் போதுங்க."

"கெடைக்கும். முறைப்படி கெடைக்கும்." தலைமை திரும்பினார். "எழுதிக்கம்மா. சந்தேகத்தோட அளவு?"

"சின்னதுன்னு சொன்னாருங்க ஐயா."

"சின்னதுக்குக் கட்டம் இல்ல. பெருஞ்சந்தேகம்னு போடு. எப்ப வந்துச்சு?"

"காலைல," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"கடைசி நேரம்!" தலைமை கூடியிருந்தவர்களைப் பார்த்தார். "பார்த்தீங்களா, கடைசி நேரம்! இதுதான் இதுல உயர்ந்த ரகம்."

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். பின்னால் நின்றவர் அவர் தோளில் அன்பாகக் கை வைத்து அழுத்தினார். அந்த அன்பு கொஞ்சம் கனமாகவே இருந்தது.

அதற்குள் மனைவியிடமிருந்து ஃபோன். ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று. தலைமை அதை மரியாதையாக வாங்கி, ஒலியைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார். இப்படி ஒரு நாளுக்காக அவர் வெகுகாலமாக மனப்பாடம் செய்துவைத்திருந்தார் போலும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"அம்மா, நீங்களும் கேட்டுக்குங்க. பழைய கட்டடம் எதுவா இருந்தாலும், யார் வேணும்னாலும் சந்தேகப்படலாம். சந்தேகப்பட்ட பொருளை முழுசா எறக்கிச் சோதனைக்குக் கொண்டுபோகணும். சோதனைன்னா, தாங்க வேண்டிய இன்னொரு கூரைக்கு அடியில அதை வெச்சுப் பார்க்கறது. சோதனையில பொருள் தாங்கிட்டா சான்று அன்னைக்கே. ஆனா சோதனைக் காலம் மூணு வருஷம். அதுவரைக்கும் எடுத்த எடத்தைக் காலியா விடக்கூடாது. ஒரு ஆள் இருந்தே ஆகணும். ஆள் வெளிய வந்துட்டா சந்தேகம் கைவிடப்பட்டதா ஆயிடும். கைவிட்டா ஃபைல் மூடிடும். ஃபைல் மூடினா சான்று இல்ல."

"என்னங்க," என்றது மேசை. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

கண்ணாடிக்கடைக்காரர் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். "தரையில தூள் கெடந்துச்சு. அவ கட்டில் போடற எடத்துல. எப்படி இல்லைன்னு சொல்றது?"

"இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஊருக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. அது அவரைக் கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

மாதிரி எடுப்பவர்கள் நால்வர், கயிறும் கடப்பாரையுமாகப் புறப்பட்டார்கள். பின்னாலேயே ஏவலர் ஒருவர், 'இடம் காலியாகாமல்' பார்த்துக்கொள்ள. கண்ணாடிக்கடைக்காரர் குறுக்கே போய் நின்றார்.

"ஒரு துண்டு வெட்டி எடுத்தாப் போதாதா?"

தலைமை சிரித்தார். "உங்க சந்தேகம் துண்டு மேலயா, விட்டத்து மேலயா?"

"விட்டத்தை எடுத்துட்டா கூரை எதுமேல நிக்கும்?"

"பொருளை எடுத்துக்கிட்டதுக்கு ரசீது குடுத்துடுவோம்," என்றார் தலைமை.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையைக் கேட்டிருக்கிறோம். எலியையும் தானே பிடித்துக் கொடுத்து, கொள்ளியையும் தானே பற்றவைத்துக் கொடுத்தவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படி உட்கார்ந்திருந்தார் அவர். தரகர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். வீட்டை விற்கும் பெரியவர் பெட்டியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஃப்ரிட்ஜ் கடை முதலாளியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது சீட்டியடித்தது கேட்டது.

ஃபோன் மறுபடி அடித்தது.

"விட்டத்தை எறக்கிட்டாங்க," என்றாள் மனைவி. மூச்சு வாங்கியது. "அது இருந்த எடத்துல ரசீதை ஆணி அடிச்சுத் தொங்க விட்டிருக்காங்க."

"நீ எங்க இருக்கே?"

"இங்கதான், அதுக்கு அடியில. வெளிய வந்தா ஃபைல் மூடிடுமாமே. சட்டமெல்லாம் தொங்கி, மண்ணு கொட்டுது."

"அவ எங்க?"

"வாசலுக்கு வெளிய அனுப்பிட்டேன். பொம்மையைக் காணோம்னு அழறா. மண்ணுல பொதைஞ்சிருக்கும்."

"நீயும் வெளிய வா! வீடு போனாப் போகட்டும்!"

"போனாப் போகட்டும்னு மூணாவது தடவையா சொல்றீங்க," என்று மனைவி ஃபோனை வைத்துவிட்டாள்.

அவர் வாசலை நோக்கி ஓடினார். முகப்பு அம்மாள் குறுக்கே கை நீட்டினார். சந்தேகப்பட்டவர் சான்று வாங்கும்வரை அலுவலகத்தை விட்டுப் போகக்கூடாதாம். போனால் அதுவும் கைவிட்டதாகிவிடும். கையைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். வீடு போகும், அவள் பிழைப்பாள். அப்படியே செய்வது என்று காலை எடுத்து வைத்தபோது, வாசலை அடைத்துக்கொண்டு விட்டம் உள்ளே வந்தது.

அலுவலகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களின் மேலுள்ள ஐயத்தை நீக்குவதற்கென்று ஏற்பட்ட அந்த அலுவலகமும் ஒரு பழைய கட்டடத்தில்தான் இருந்தது. நடுக்கூடத்துக் கூரை தொப்பை போலக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு முட்டாக ஒரு மேசை, மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் கட்டுக் கட்டாகப் பழைய காகிதம். எல்லோரும் அதைச் சுற்றி நடந்து பழகியிருந்தார்கள்.

மேசையையும் நாற்காலியையும் எடுத்துவிட்டு, தொப்பைக்கு நேர் கீழே விட்டத்தைச் சுவருக்குச் சுவர் ஏற்றி நிறுத்தினார்கள். மாதிரி எடுப்பவர்கள் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கூரை ஒருமுறை முனகியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். வேலை இல்லாதவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான் என்பார்கள். ஓர் அலுவலகமே சம்பளத்தோடு அதைச் செய்தது அன்றைக்குத்தான்.

கூரை உட்கார்ந்தது. விட்டம் அசையவில்லை.

கைதட்டல் எழுந்தது. "அருமையான மரம்! இன்னும் ரெண்டு தலைமுறைக்குத் தாங்கும்," என்றார் தலைமை. "உங்க சந்தேகம் தப்புன்னு நிரூபணம் ஆயிடுச்சு. வாழ்த்துகள்!"

கண்ணாடிக்கடைக்காரர் ஃபோனில் மனைவியைக் கூப்பிட்டார். அவள் எடுத்ததுமே பேசினாள்.

"கேளுங்க. ஏவலரும் நானுமா மூலையில இருந்த மர அலமாரியை இழுத்து முட்டுக் குடுத்தோம். அதோட கால் உதிருது. எல்லாம் பூச்சி அரிச்சது. தொட்டாலே மாவு மாவாக் கொட்டுது. நீங்க பார்த்த தூள் இதுதாங்க. அலமாரி முன்னாடி அந்த எடத்துலதான் இருந்திருக்கு, பெருக்காம விட்டிருக்காங்க. விட்டம் பாவம், ஒன்னும் பண்ணல."

"அப்ப அலமாரி தாங்காதே!"

"அதான் சொல்றேன். சீக்கிரம் முடிங்க."

அவர் தலைமையிடம் திரும்பினார். "ஐயா, விட்டம் நல்லாருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. தூள் எங்கேருந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சு போச்சு. விட்டத்தைக் குடுங்க. உடனே கொண்டுபோய் வெக்கணும். என் சம்சாரம் அடியில நிக்கறா."

"தூள் எங்கேருந்து வந்துச்சுன்னு யாரு சொன்னது?"

"அவதான்."

"எந்த வழியா?"

"ஃபோன் வழியா."

"அது முறையான வழி இல்லையே." தலைமை பொறுமையாக விளக்கினார். "தவிர, சோதனைக் காலம் மூணு வருஷம்னு சொன்னேன். இன்னொன்னும் மனசுவிட்டுச் சொல்லிடறேன். இதை இப்ப எடுத்தா எங்க கூரை விழுந்துடும். மழைக்காலம் வந்தா நாங்க எல்லாரும் சுவரோரமா உக்காந்து வேலை பார்ப்போம். இல்ல, வேலை பார்க்கல, உக்காந்திருப்போம். கூரையை மாத்தக் கேட்டு எழுதினா, 'உங்ககிட்ட சந்தேகமே வரலையே, உங்களுக்கு எதுக்குக் கூரை'ன்னு பதில் வரும். இப்பத்தான் ஒரு நல்லது நடந்திருக்கு. ஒரு குடிமகனா நீங்க சந்தோஷப்படணும்."

"எங்க வீட்டுக் கூரை?"

"அதுக்குத்தான் ரசீது குடுத்திருக்கே."

பிறகு அவர் குரலைச் சடங்குக்கு ஏற்றினார். "கடைசிக் கேள்வி. பழைய கட்டடத்தை வாங்கவிருக்கும் உங்களுக்கு, அதன்மேல் இனி ஏதாவது சந்தேகம் உண்டா?"

கண்ணாடிக்கடைக்காரர் வாழ்நாளில் முதல்முறையாக யோசிக்கவில்லை. "சந்தேகமே இல்லைங்க. விழுந்துடும். நிச்சயமா விழுந்துடும்."

"சந்தேகம் இல்லைன்னு எழுதிக்கம்மா."

"விழுந்துடும்னு சொன்னாரே ஐயா?"

"அது நிச்சயம். நிச்சயத்துக்கு நாம பொறுப்பில்ல. நமக்குச் சந்தேகம் மட்டும்தான்."

முத்திரை விழுந்தது. அவர் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது வாசலில் மனைவியின் குரல் கேட்டது. தலையெல்லாம் மண். புடவையில் காரை. ஒரு கையில் மகள், மகளின் கையில் மண் படிந்த பொம்மை. அவர் எல்லோர் முன்னாலும் அவள் தலையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"எப்படி வந்தே? அங்க ஆள் இருக்கணுமே?"

"ஒரு ஆள் இருக்கணும்னுதானே சொன்னாரு? ஏவலர் ஒரு ஆள்தானே? நிலைப்படியில நிக்கச் சொல்லிட்டு வந்தேன். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அலமாரி சாஞ்சா எந்தக் காலை எடுக்கறதுன்னு அவருக்குத் தெரியும்." கணவனின் கையிலிருந்த சான்றைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, நடுக்கூடத்துக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த விட்டத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். கரும்பலகையில் யாரோ தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கும் பார்வை அது.

பத்திரம் மேசைமேல் விரிந்திருந்தது. பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். மனைவி முகப்பு அம்மாளிடம், வீட்டின்மேல் தனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று சொல்லித் தன் சான்றை வாங்கினாள். பத்திரத்தில் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள். பேனா கண்ணாடிக்கடைக்காரர் கைக்கு வந்தது.

அவர் போடவில்லை. விட்டமில்லாத வீடு. தொங்கும் கூரை. உதிரும் அலமாரி. அதற்குக் கீழே மகளின் கட்டில். இதைவிடப் பெரிய சந்தேகம் ஒரு மனிதனுக்கு வர முடியாது. அதைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் அடுத்து எதைக் கழற்றுவார்களோ. கடிகாரம் ஐந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போடுங்க," என்றாள் மனைவி மெதுவாக.

"விட்டம் இல்லையே."

"போடுங்கன்னு சொல்றேன்ல. என்மேலயும் சந்தேகமா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். புருவத்தில்கூட மண். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்க அங்கே இரண்டு வில்லை இல்லை. போட்டார். கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை. பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மனைவி நடுக்கூடத்துக்குப் போய் நின்றாள்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்."

தலைமை நாற்காலியிலிருந்து எழும்பினார். "உங்களுக்கா? எது மேல?"

"இந்த விட்டத்து மேல. உங்க கூரையை இது தாங்குமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

முகப்பு அம்மாளின் கை தானாக மணிப் பக்கம் போனது.

"இப்பத்தானே சோதிச்சோம்!"

"அது எங்க வீட்டு விட்டமா இருந்தப்போ அவருக்கு வந்த சந்தேகம். இப்ப இது உங்க கட்டடத்து விட்டம். உங்களுது பழைய கட்டடம்தானே? எதுவா இருந்தாலும், யார் வேணும்னாலும் சந்தேகப்படலாம்னு நீங்கதான் சொன்னீங்க. நான் ஃபோன்ல ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டிருந்தேன்."

தலைமையின் முகத்தில் இரண்டு உணர்ச்சிகள் மல்லுக்கு நின்றன. அவர் மேலே பார்த்தார். கூரை தெரிந்தது. கீழே பார்த்தார். புத்தம்புதுப் பதிவேட்டின் இரண்டாவது வரி காலியாகக் கிடந்தது.

துணையாக இருந்த ஒருவர் அவர் காதருகே குனிந்தார். "ஐயா, எடுத்தா விழுந்துடுமே."

"தெரியும்யா." தலைமை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒரே நாள்ல ரெண்டு சந்தேகம்! மேலிடத்துல படிச்சா ஆடிப்போயிடுவாங்க. அலுவலகம் விழுந்தா புது அலுவலகம் கேட்டு வாங்கலாம். வந்த சந்தேகத்தை விட்டுட்டா வேற எங்க போய்க் கேக்கறது? எழுதிக்கம்மா! பெருஞ்சந்தேகம்!"

மணி அடிக்கப்பட்டது.

"முழுசா எறக்கணும்ல?" என்றாள் மனைவி.

"முழுசா எறக்குவோம்."

"சோதிச்சுப் பார்க்க, தாங்க வேண்டிய இன்னொரு கூரை வேணுமே?"

தலைமை திகைத்தார். "ஆமா. வேணும். எங்க போறது?"

"எங்க வீட்ல ஒன்னு இருக்கு," என்றாள். "பக்கத்துலதான். உங்க ஆளுங்களே கொண்டுவந்து ஏத்திடட்டும். மூணு வருஷம் கழிச்சு வந்து பாருங்க. டீ போட்டுத் தரேன்."

மாதிரி எடுப்பவர்கள் உற்சாகமாக வேலையில் இறங்கினார்கள். இப்படி வேலை வந்தால் சம்பளம் வாங்கவே மனம் குளிரும் என்று ஒருவர் சொன்னார். விட்டம் இறங்கியது. அது இருந்த இடத்தில் ரசீதை ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். இடத்தைக் காலியாக விடக்கூடாது என்பதால், தலைமை தன் நாற்காலியை ரசீதுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கும்.

கைவண்டியில் விட்டத்தை ஏற்றி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். மகள் விட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள், பொம்மையை மடியில் வைத்து. பின்னாலிருந்து அலுவலகத்தில் ஐந்து மணி அடிப்பது கேட்டது. ஐந்து மணிக்கு எழுந்து போவது ஒன்றுதான் அந்த அலுவலகம் இதுவரை தவறாமல் காத்துவந்த விதி. முகப்பு அம்மாள் முதலில் வெளியே வந்தார். மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். கடைசியாகத் தலைமை, இடம் காலியாகாமலிருக்கத் தன் கோட்டைக் கழற்றி நாற்காலிக்கு மாட்டிவிட்டு, வாசற்படியைத் தாண்டிக் கதவைப் பூட்டினார்.

தெருமுனை திரும்பும்போது பின்னால் பெரிதாக ஒரு சத்தம் எழுந்தது. வண்டி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தெருவெல்லாம் தூசி கிளம்பி வந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. விட்டத்தின் முனையைப் பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"என்ன சத்தம்னு போய்ப் பார்த்துட்டு வர்றீங்களா?" என்றாள் மனைவி. "சந்தேகமா இருந்தா?"

"சந்தேகமே இல்ல," என்றார். "தள்ளு."